ஒரு நாளைக்கு ஒரு திருகு

அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் பேசிக்கொண்டதே இல்லை. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. சண்டை போடவும் இரண்டு பேரும் வாயைத் திறந்தாக வேண்டுமே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகன் யாரிடமும் மூச்சு விடாமல் பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, ஒரு பெட்டியும் ஒரு பெண்ணுமாக வாசலில் வந்து நின்றான். "வந்தது வந்தாச்சு, உள்ள வரட்டும். ஆனா என் வாயால அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றார் மாமா. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் எல்லைக்கல் நட்டவர். நட்ட கல்லை அவரே பிடுங்கியதாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் வீடு ஒன்றுதானே? குளியலறை ஒன்று, சாப்பாட்டு மேஜை ஒன்று. அதனால் பேச்செல்லாம் அவர் பெண்டாட்டி வழியாகப் போயிற்று. மருமகள் வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் அத்தை, அவர் மாமா. நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, குளியலறையில வெட்டியா விளக்கு எரியுது."

"அத்தை, மாமாகிட்ட சொல்லுங்க, உள்ள ஆள் இருக்கு. அவர் பெத்த பிள்ளைதான்."

இரண்டு பேருக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இருக்காது. காது இரண்டு பக்கமும் நன்றாகவே கேட்கும். இருந்தாலும் அத்தை இந்தப் பக்கம் திரும்பி ஒரு தரம், அந்தப் பக்கம் திரும்பி ஒரு தரம் சொன்னால்தான் பேச்சு செல்லும். "அம்மா, நீ இந்த வீட்டுத் தந்தி ஆபீஸ்" என்பான் மகன். அத்தை அலுத்துக்கொள்வாள். "என் தலையெழுத்துடா. கழுத்து சுளுக்கிக்கிச்சு."

உள்ளுக்குள் அவளுக்கு அலுப்பே இல்லை. அதுதான் அவள் யாரிடமும் சொல்லாத சங்கதி.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். அதில் மருமகள் வருவதற்கு முந்தைய இருபத்தொன்பது வருஷமும் மாமா அவளிடம் ஒரு நாளைக்குப் பேசியது மொத்தமே மூன்று வார்த்தை. "சாப்பாடு", "சட்டை", "விளக்கு." மிச்சப் பேச்சையெல்லாம் கார் ஷெட்டில் செலவழித்துவிட்டு வருவார். அங்கே அவருடைய அப்பா காலத்துக் கார் நின்றது. கரும்பச்சை உடம்பு, உருண்டை விளக்குகள், மூக்கு நீண்ட முகம். பச்சைக்காரி என்று பேர் வைத்திருந்தார். "இன்னிக்கு என்ன கோபம் உனக்கு?" என்று அதனிடம் கேட்பார். பெண்டாட்டியிடம் கேட்டதில்லை. மனுஷிச் சக்களத்தி என்றால் வயசாகி ஓய்வாள். இவளுக்கு வயசாக ஆக மவுசு.

மருமகள் வந்த பிறகு கதை மாறியது. சேதி சொல்லி அனுப்ப ஆள் வேண்டுமே, மாமா சமையலறைக்கு வர ஆரம்பித்தார். முதலில் வாசற்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு கதவில் சாய்ந்துகொண்டார். மூன்றாம் மாசம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருமகளைப் பற்றிய குறையில் தொடங்கும் பேச்சு முழங்கால் வலிக்குப் போகும், அலுவலகத்தில் பழைய மேலதிகாரி விழுந்த பள்ளத்துக்குப் போகும், சின்ன வயசில் தொலைத்த சைக்கிளுக்குப் போகும். ஒரு நாள் அவள் சொன்ன எதற்கோ வாய் விட்டுச் சிரித்தார். அத்தைக்குக் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது.

முக்காலிக்கு ஒரு மெத்தை தைத்துப் போட்டாள். நாலு மணிக்கே தலை வாரிக்கொள்ள ஆரம்பித்தாள். ஐம்பத்தைந்து வயசில்.

அந்தச் சமயத்தில்தான் பச்சைக்காரிக்குத் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. ரேடியேட்டரிலிருந்து என்ஜினுக்குத் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு, நின்ற இடத்தில் சொட்டியது, ஓடினால் கீச்சிட்டது. இரண்டு மாசத்தில் பழைய கார்களின் ஊர்வலம் வருகிறது. ஊரிலிருந்து கிளம்பி மலைமேல் இருக்கும் அணைக்கட்டு வரை ஏற வேண்டும். ஒன்பது வருஷமாக மாமா பாதி மலையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

"அத்தை, மாமாகிட்ட சொல்லுங்க, அவர் போடற கிரீஸ் சக்கரத்துக்குப் போடறது. பம்புக்கு ஆகாது" என்றாள் மருமகள் சாப்பாட்டு மேஜையில்.

மாமாவின் கை தட்டில் நின்றது. "அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியுமாம்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் எண்ணெய்க் கம்பெனி சோதனைக்கூடத்துல கிரீஸைத்தான் கிண்டிட்டு இருந்தேன்னு சொல்லுங்க."

"கிண்டறது வேற, வண்டி ஓட்டறது வேறன்னு சொல்லு."

"ஊத்தறது வேற, ஒழுகறது வேறன்னு சொல்லுங்க அத்தை."

மகன் தண்ணீர் குடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டான். மாமா எழுந்து போனார். ஆனால் மறுநாள் காலையில் ஷெட்டிலிருந்த இரண்டு கிரீஸ் டப்பாக்கள் தாமாக நடந்து வந்தது மாதிரி சமையலறை மேடையில் இருந்தன.

மருமகள் பழைய அலுவலகத்திலிருந்து மூன்றாவதாக ஒரு டப்பா வாங்கி வந்தாள். அத்தையின் கண்ணாடித் தம்ளர் மூன்றில் சுடுதண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் சுண்டைக்காய் அளவு கிரீஸைப் போட்டுக் குச்சியால் கலக்கினாள். மாமா முக்காலியில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். தாள் தலைகீழாக இல்லை, ஆனால் அரை மணி நேரமாக அதே பக்கம்.

முதல் தம்ளரில் மஞ்சள் கிரீஸ் இளகி, மேலே எண்ணெய்க் கண்களாய் மிதந்தது. இரண்டாவதில் கறுப்பு கிரீஸ் கரைந்து தண்ணீரே சாம்பல் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவதில் செம்பழுப்பு உருண்டை போட்டது போட்டபடி கிடந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது.

"இது சுண்ணாம்புச் சேர்க்கையில செய்யற கெட்டி கிரீஸ் அத்தை. சுடுதண்ணி இதை அசைக்காது. பம்புக்கு மேல பித்தளைக் கிண்ணம் இருக்குல்ல, திருகு மூடி வச்சு? அதுல இதை ரொப்பி, வண்டி ஓடற நாள்ல ஒரே ஒரு திருகு. அதுக்கு மேல கூடாது. நல்ல கிரீஸா இருந்தாலும் அளவு மீறினா தண்ணிக்குள்ள பிதுங்கிப் போய் ரேடியேட்டர் குழாயில படிஞ்சிடும். குழாய் அடைச்சா ஏத்தத்துல கொதிச்சுடும்."

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. மாமா மூன்றாவது தம்ளரைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. இதைப் போட்டு பச்சைக்காரி அணைக்கட்டைத் தொட்டுட்டா, அங்கேயே வச்சு சாவியை அவ கையில குடுத்து, மருமகளேன்னு நானே கூப்பிடறேன்."

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சரின்னு சொல்லுங்க அத்தை" என்பதற்குள் குரல் உடைந்தது.

"சரிங்கறா" என்றாள் அத்தை. முகத்தில் சிரிப்பு இருந்தது. கண் மட்டும் முக்காலிக்குப் போனது. நேரில் பேசிக்கொண்டால் பிறகு சமையலறையில் அவருக்கு என்ன வேலை? முக்காலி எதற்கு, மெத்தை எதற்கு?

அன்று மத்தியானம் துணி மடிக்கும்போது மருமகள் சொன்னாள்: "அத்தை, தினமும் காலைல மாமா குளிக்கப் போறப்போ நானே அந்த ஒரு திருகைத் திருப்பிடறேன். அவரைத் தொட வேணாம்னு சொல்லிடுங்க. மறந்துடாதீங்க."

"மறப்பேனா?" என்றாள் அத்தை.

நாலு மணிக்கு மாமா வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அத்தை வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "சாயங்காலம் வண்டியை நிறுத்தினதும் நானே ஒரு திருகு திருப்பிக்கறேன். அந்தப் பொண்ணு கை வைக்க வேணாம்னு சொல்லிடு." சொல்லிவிட்டு, தொலைந்த சைக்கிளின் மிச்சக் கதையை ஆரம்பித்தார். இடையில் சொல்லி அதைக் கெடுக்க அத்தைக்கு மனசு வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அப்புறம் என்பது வரவில்லை. இரண்டு சேதியும் அவளிடமே தங்கிவிட்டன.

சமையலறை ஜன்னலுக்கு நேரே ஷெட். காலை ஆறு மணிக்கு மருமகள் பூனை மாதிரி வந்து என்ஜின் மூடியைத் தூக்கி, ஒரு திருகு திருப்பிவிட்டுப் போனாள். பிறகு மாமா பயிற்சிக்காக வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். சாயங்காலம் வந்ததும் அவர் ஒரு திருகு. அத்தை தேநீர்த் தம்ளரை ஷெட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். அவள் கண் முன்னால்தான் திருப்புவார். "பார்த்தியா, வெண்ணெயா இறங்குது!" என்பார். அவளும் குனிந்து பார்ப்பாள். ஒரே கிண்ணத்தின் மேல் இரண்டு தலைகள்.

இரண்டு வாரம் போனது. "கிண்ணம் சீக்கிரம் காலியாகுதே, ஏன்னு அந்தப் பொண்ணைக் கேளு" என்றார் மாமா.

அத்தை போகவே இல்லை. கூடத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். "கேட்டேன். புது கிரீஸ் அப்படித்தானாம். முதல்ல உள்ள போய் இடம் பிடிச்சுக்குமாம். ரொப்பிட்டே இருக்கணுமாம்."

"ஓ. விவரமாத்தான் இருக்கா."

அதே வாரம் மருமகளும் கேட்டாள். "கிண்ணத்துல ஏதோ சரியில்லையே அத்தை. மாமா எதாவது திருப்பறாரா?"

"உன் மாமாவா? நீ சொன்னதை அவர் கையால செய்வாரா? விரல்கூட வைக்க மாட்டார்!" அத்தை அவள் கன்னத்தைத் தட்டினாள். "நீ பாட்டுக்குப் பண்ணும்மா. நான் இருக்கேன்ல."

இப்போது அவளால் மறதி என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை. அளவு மீறினால் என்ன ஆகும் என்று அவளுடைய தம்ளர்களை வைத்துக்கொண்டுதான் மருமகள் சொன்னாள். தெரிந்துதான் செய்தாள். நாள் தவறாமல் காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் பார்த்துக்கொண்டே செய்தாள். வண்டி மலை ஏறக் கூடாது, அவ்வளவுதான். யார் உயிருக்கும் கேடில்லை. ஒன்பது வருஷமாக நின்றது, பத்தாவது வருஷமும் நிற்கட்டுமே.

ஊர்வலத்தன்று மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். "முன்னாடி உட்காரு" என்றார் அத்தையிடம். அவள் முன் இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. அங்கே எப்போதும் அவருடைய கருவிப்பெட்டிதான் இருக்கும். பின்னால் மகனும் மருமகளும். மருமகள் மடியில் ஒரு தண்ணீர்க் குடுவை, கையில் நகத்தைக் கடித்துத் தீர்த்த விரல்கள்.

சமவெளியில் பச்சைக்காரி மயில் மாதிரி போனாள். முதல் வளைவு தாண்டியது. ஐந்தாம் வளைவில், ஒன்பது வருஷமும் நின்ற அதே மைல்கல்லைத் தாண்டியபோது மாமா ஸ்டியரிங்கைத் தட்டினார். "தாண்டிட்டா! அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, தாண்டிட்டா!" மருமகள் பின்னாலிருந்து வாய் விட்டுச் சிரித்தாள். அத்தை சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் வளைவில் முள் சிவப்புக்குப் போனது. ஒன்பதில் மூக்கிலிருந்து வெள்ளைப் புகை. பத்தாம் வளைவில் ரேடியேட்டர் மூடி சீறித் தெறித்து, கொதிக்கும் தண்ணீர் முன்கண்ணாடியெல்லாம் விசிறியது. அதில் செம்பழுப்பாய்க் கிரீஸ் துணுக்குகள்.

எல்லோரும் இறங்கினார்கள். அணைக்கட்டு கண்ணுக்குத் தெரிந்தது. பின்னால் வந்த பழைய கார்கள் ஒவ்வொன்றாக அவர்களைத் தாண்டிப் போயின. "என்ன சார், பாட்டிக்கு மூச்சு வாங்குதா? தோளைக் குடுத்துத் தூக்குங்க!" என்று ஒருவர் கத்திவிட்டுப் போனார். மாமாவின் காது சிவந்தது.

சூடு தணிந்ததும் மருமகள் ரேடியேட்டர் வாயில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் நிறைய கிரீஸ். "இவ்ளோ வரவே வராதே! தினமும் ஒரு திருகுதான் நான் திருப்பினேன்." சட்டென்று நிமிர்ந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, நடுவில் யாரையும் பார்க்காமல் நேராகக் கேட்டாள். "மாமா, நீங்களும் திருப்பினீங்களா?"

இன்னும் இரண்டு கார்க்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் முன்னால், மருமகள் சொன்னதைத் திருட்டுத்தனமாகச் செய்தேன் என்று எப்படிச் சொல்வார்? எல்லைக்கல் மனுஷர். அவர் அத்தையைப் பார்த்தார். "நான் ஏன் தொடப்போறேன்? அதைத் தொட்டதே இல்லைன்னு சொல்லு."

மருமகளும் அத்தையைப் பார்த்தாள். "அத்தை, உங்க ஜன்னலுக்கு நேரே ஷெட். நீங்க பார்த்திருப்பீங்க. நான் ஒரு திருகுதானே திருப்பினேன்?"

அத்தை முந்தானையால் கண்ணாடியில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கென்னம்மா தெரியும், அடுப்புல கிடக்கறவ" என்றாள் மிகவும் அன்பாக. "ஒண்ணோ, ஆசையில ரெண்டு மூணோ. வேணும்னே செஞ்சிருப்பியா?"

மருமகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாலையோரக் கல்லில் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். அந்த வாரமே மகன் ஊரின் மறுகோடியில் ஒரு வீடு பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே பெட்டியோடு போனார்கள். மாமா ஷெட்டிலிருந்து வெளியே வரவில்லை.

வீடு நிசப்தமாக இருந்தது. அத்தை தலை வாரிக்கொண்டு, முக்காலி மெத்தையைத் தட்டிப் போட்டுக் காத்திருந்தாள். நாலு மணியானது. ஐந்தானது. யாரிடம் என்ன சொல்லி அனுப்ப மாமா வருவார்? சொல்ல ஆள் போய்விட்டதே. அந்தக் கணக்கை அவள் போட்டுப் பார்க்கவே இல்லை. ராத்திரி சாப்பாட்டில் "சாப்பாடு" என்றார். அவ்வளவுதான்.

மாமா ரேடியேட்டரைக் கழற்றிப் பழுதுபார்க்கும் கடையில் கொடுக்கப் போனபோது அத்தை அவளாகவே கூட வருகிறேன் என்று தொற்றிக்கொண்டாள். கடைக்காரர் ரேடியேட்டரின் மேல் தொட்டியை வெட்டித் திறந்து, கரண்டியால் வழித்து எடுத்தார். வழிக்க வழிக்க வந்துகொண்டே இருந்தது.

"கிரீஸ் அருமையான கிரீஸ் சார். யார் தேர்ந்தெடுத்தாங்களோ, தெரிஞ்சவங்க. அளவுதான் கெட்டுது." விரலில் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "வீட்டுல ரெண்டு பேர் உப்பு போட்ட மாதிரி. ஒருத்தர் போட்டது ஒருத்தருக்குத் தெரியாம."

மாமா சிரிக்கவில்லை. எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாக அத்தையின் பக்கம் திரும்பினார்.

"அவ தொட வேணாம்னு சொல்லச் சொன்னேனே. சொன்னியா?"

அத்தை மிதித்திருந்த தகரத் துண்டைப் பார்த்தாள்.

"கிண்ணம் காலியாகுதுன்னு கேட்டேனே. இடம் பிடிச்சுக்கும்னியே, அது அவ சொன்னதா?"

"நான்... உங்ககூட..." அதற்குமேல் வரவில்லை. நீங்கள் முக்காலியில் உட்கார வேண்டும் என்பதற்காக என்று, கரண்டியும் கையுமாக நிற்கும் ஒரு கடைக்காரர் முன்னால் எப்படிச் சொல்வது?

"தினமும் தேநீர் கொண்டு வந்து குடுத்து, பக்கத்துல நின்னு பார்த்த" என்றார் மாமா. "மலையில நான் பொய் சொன்னேன். மானத்துக்குச் சொன்னேன். நீ எதுக்குச் சொன்ன?"

அவள் பதிலுக்காக அவர் காத்திருக்கவில்லை. அதுதான் அவர் அவளிடம் நேராகக் கேட்ட கடைசிக் கேள்வி.

மறுநாள் ஆணியில் மாட்டியிருந்த பச்சைக்காரியின் சாவியைக் காணோம். ஊரின் மறுகோடிக்குப் பஸ் ஏறிப் போய் மாமா அதை மருமகள் கையில் கொடுத்தாராம். வாசலிலேயே நின்று "மருமகளே" என்றாராம். மகன்தான் போனில் சொன்னான். சொல்லிவிட்டு, "ஏம்மா இப்படிப் பண்ணின?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் வைத்துவிட்டான்.

இப்போது சாயங்காலம் நாலு மணிக்கு மாமா கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மருமகளுக்குப் போன் போடுகிறார். முழங்கால் வலி, மேலதிகாரி விழுந்த பள்ளம், தொலைந்த சைக்கிள் எல்லாம் போகிறது. வாய் விட்டுச் சிரிக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் அத்தை அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். "சாப்பாடு", "சட்டை", "விளக்கு" கூட இப்போது அவளுக்கு வருவதில்லை.

ஒரு நாள் கூடத்துப் பேச்சு நின்ற அடுத்த நிமிஷம் சமையலறை மேடையில் அவளுடைய போன் அடித்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி எடுத்தாள்.

"அத்தை, நல்லா இருக்கீங்களா?" மருமகளின் குரல் தேன் மாதிரி இருந்தது. அந்தக் குரலை அத்தைக்குத் தெரியும். இரண்டு வருஷம் அத்தை தன் வாயால் பேசிய குரல். "மாமா சொல்லச் சொன்னாங்க, வெள்ளைச் சட்டையில பொத்தான் போயிடுச்சாம். தச்சு வைக்கணுமாம்."

கூடத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. பத்தடி தூரம்கூட இல்லை.

"வேற... வேற என்ன சொன்னார்?"

"அவ்ளோதான் அத்தை. நான் ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீங்க எதாவது சொல்லணுமா? சொல்லுங்க, நான் இருக்கேன்ல."

அத்தை முக்காலியைப் பார்த்தாள். அதன் மெத்தைமேல் தேநீர்த் தம்ளர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"தேநீர் ஆறிப்போகுதுன்னு சொல்லும்மா" என்றாள்.

"சரி அத்தை."

சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. "சொல்லும்மா மருமகளே" என்றார் மாமா. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டார். பிறகு, "வேணாம்னு சொல்லிடு" என்றார்.

மேடையில் அத்தையின் போன் மறுபடி அடித்தது.